ஒளியைக் கொண்டு கிருமியை வென்ற நீல்ஸ் ஃபின்சன்

வெள்ளி விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். பாபாசாகேப் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார் ஆகியோரின் வரலாறுகளை நம் மக்கள் பலகாலும் படித்தும் கேட்டும் வந்துள்ளனர். ஆதலின் நம் வாசகருக்கு அவ்வளவாக அறிமுகமாகாத ஒரு மருத்துவ அறிஞரை ஈண்டு எடுத்துக்கொண்டோம். நீல்ஸ் ரைபர்க் ஃபின்சன் என்பது அவர் பெயர். உலகெங்கும் மருத்துவம் பயின்றோர் நன்கறிந்த பெயர் அது. அன்னார் நம் நாட்டினர் அல்லர். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தவரும் அல்லர். இருந்தும் அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் நம் விடுதி மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியே.

விண்வெளி நிலையத்தில் தங்குவோர் தம் சிறுநீரையும் வியர்வையையும் தூய்மை செய்து மீண்டும் குடிக்கின்றனர் என்று பாட நூலிற் படித்துவிட்டு வந்த அச்சிறுமி, விடுதியின் குடிநீர்க் கருவியில் நீலமாய் மினுங்கும் விளக்கைக் காட்டி, அவர்களும் இத்தகைய விளக்கைத்தான் வைத்திருக்கிறார்களா என்று வினவினாள். அடுத்து, அசுத்தம் போய்விட்டது என்பதை எப்படி அறிவது என்றும் வினவினாள். முதற் கேள்வியைவிட இரண்டாவது பெரிது. அசுத்தம் எது, தூய்மை எது என்பதைப் பிறர் சொல்லிக் கேட்டே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் வீட்டுக் குழந்தை அவள். அவளுக்கு விடைசொல்ல முற்பட்டபோதுதான் ஃபின்சனின் வாழ்க்கையை முழுமையாகத் தேடிப் படித்தோம்.

ஆண்டுதோறும் கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்படும் தீபத்தைக் காண இலட்சக்கணக்கானோர் கூடும் ஊர் நம் திருவண்ணாமலை. ஒளியின் பெருமையை இவ்வூரார்க்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் இக்கட்டுரை கூறப்போவது கண்ணுக்குத் தோன்றாத ஒளியைப் பற்றியது.

அட்லாண்டிக் பெருங்கடலின் வடபால், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, காற்றும் மழையும் ஓயாத ஃபாரோ தீவுகள் உள்ளன. டென்மார்க் அரசுக்கு உட்பட்ட அத்தீவுகளின் தலைநகரான டார்ஷாவ்னில் 1860ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஃபின்சன் பிறந்தார். தந்தை ஹான்னஸ் ஃபின்சன் தீவின் நிருவாகத்தில் உயர் பதவி வகித்தவர். 1871இல் ஆளுநர் பொறுப்பும் ஏற்றார். குடும்பம் பழைய ஐஸ்லாந்துக் குடும்பம். நால்வர் பிள்ளைகளில் இரண்டாமவரான நீல்ஸ் நான்கு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொள்ளவே வீட்டில் மேலும் அறுவர் பிறந்தனர்.

பதினான்கு வயதை எட்டும் பருவத்தில் டென்மார்க்கிலுள்ள ஹெர்லுஃப்ஸ்ஹோம் என்னும் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே படிப்பு அவருக்குக் கைகூடவில்லை. பையன் நல்ல மனம் படைத்தவன், ஆனால் திறமையும் ஊக்கமும் குறைந்தவன் என்பது பள்ளித் தலைமையாசிரியரின் மதிப்பீடாக இருந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெறப்போகிறவரைப் பற்றிய மதிப்பீடு அது! நம் கழகம் தொடங்கிய காலந்தொட்டு இப்படியான மதிப்பீடுகளைச் சுமந்துகொண்டு நம் வாயிலில் வந்து நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கும் ஃபின்சனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு என்பதையும் மறைத்தற்கில்லை. ஆளுநரின் மகனுக்கு மற்றொரு பள்ளி கிடைத்தது. 1876இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில், தந்தை முன்னர்ப் படித்த பள்ளியிலேயே சேர்க்கப்பட்டார். அங்கே மெல்லத் தேறினார். 1882இல் இறுதித் தேர்வில் 15 பேரில் 11ஆவதாக வந்தார். அதே ஆண்டில் மருத்துவம் பயிலக் கோபன்ஹேகன் சென்றார்.

கல்லூரியில் இருக்கும்போதே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. இதயத்தையும் கல்லீரலையும் சூழ்ந்துள்ள சவ்வுகள் தடித்து, அவ்வுறுப்புகள் சிறிது சிறிதாகச் செயல் குன்றும் நோய் அது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், அவ்வப்போது ஊசியிட்டு வெளியேற்றுவர், மீண்டும் கோக்கும். அவருடைய கண்டுபிடிப்புகள் யாவும், சோர்வும் வீக்கமும் நீங்காத உடம்போடு நிகழ்ந்தவை. இறுதி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம்.

கோபன்ஹேகனில் அவர் குடியிருந்த அறை வடக்கு நோக்கியது. வெயில் எட்டிப்பாராத அறை. இரத்தச் சோகையும் களைப்பும் மேலிட்டிருந்த அவருக்கு, வெயிலில் நிற்கும்போது மட்டும் உடம்பு சற்றுத் தெளிவதுபோல் இருந்தது. ஒருநாள் சாளரத்தின் வழியே பார்த்தபோது, எதிர்க்கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பூனை ஒன்று, நிழல் நெருங்க நெருங்க எழுந்து வெயில் உள்ள இடத்துக்கு நகர்ந்து படுத்ததைக் கண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். வெறும் வெப்பத்துக்காகவா அது நகர்ந்தது, ஒளியிலேயே ஏதோ ஒன்று இருக்கிறதா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. நம் ஊரில் வெயிலைத் தேடிப் போகும் பூனையைக் காண்பது அரிது. மார்கழியில் வேண்டுமானால் காணலாம்.

1890இல் பட்டம் பெற்று, அப்பல்கலைக்கழகத்திலேயே உடற்கூறு பயிற்றுவிக்கும் பணியில் அமர்ந்தார். மூன்றாண்டுகள் கழித்து அப்பணியை உதறிவிட்டார். குடும்பம் நடத்தத் தொடங்கிய வேளை அது. ரிபே நகரத்துப் பேராயரின் மகளான இங்கபோர்க் பால்ஸ்லெவ் அம்மையாரை 1892ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் மணந்திருந்தார். நிலையான ஊதியத்தை விட்டுவிட்டு, நோயாளியான ஒருவர், ஒளியை ஆராயப் போவதாகச் சொன்னால் சுற்றத்தார் என்ன எண்ணியிருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒளியைப் பற்றி அதுவரை அறியப்பட்டிருந்தது என்ன? 1801இல் ஜெர்மானியரான யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், வானவில்லின் ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தோன்றாத இடத்தில் வைத்த வெள்ளி உப்பு மிக விரைவிற் கறுப்பதைக் கண்டார். அங்கே காணா ஒளி ஒன்று இருப்பது தெளிவாயிற்று. அதையே இன்று புற ஊதாக் கதிர் என்கிறோம். (மருந்துக் கடையில் பயிற்சிப் பையனாக இருந்து அறிவியலுக்கு வந்த ரிட்டர், 33 வயதில் வறுமையில் மாண்டார், அவர் வரலாறு தனியே எழுதத்தக்கது.) 1877இல் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளண்ட் என்னும் இரு ஆங்கிலேயர், வெயிலில் வைத்த குழாய்களில் நுண்ணுயிர்கள் பெருகாமையையும், இருட்டில் வைத்த குழாய்களில் அவை பெருகி நீர் கலங்குவதையும் காட்டினர். வெயிலுக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பது இவ்வாறு ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வாற்றலை மனித உடம்பின்மீது செலுத்தி நோய் தீர்க்க இயலும் என்பதைக் காட்டியவர் ஃபின்சன்.

அவர் முதலில் தம் உடம்பையே ஆய்வகம் ஆக்கிக்கொண்டார். முன்கையில் கறுப்பு மையால் ஒரு பட்டை தீட்டி, ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடும் வெயிலில் காட்டினார். மை தீட்டிய இடம் வெளுத்த தோலாகவே இருந்தது. மற்றைய இடமெல்லாம் சிவந்து பொரிந்து, பிறகு பழுப்பேறியது. அதே கையை மீண்டும் வெயிலில் காட்டினார். இம்முறை பழுப்பேறிய இடத்துக்கு ஒன்றும் நேரவில்லை. மை மறைத்திருந்த வெள்ளை இடமே வெந்தது. தோலின் நிறம் என்பது கதிர்களைத் தடுக்கும் திரை என்பது இதனாற் புலனாயிற்று. வெயில் நிறைந்த நாட்டு மக்களின் கருநிறத்துக்கு இயற்கை வகுத்த பொருள் இதுவே. நிறத்துக்கு வேறு பொருள்களைக் கற்பித்தோர் நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பலர். கை நிறைய மையைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்ற இவ்வொருவர் அப்பொருள்களுள் எதையும் நாடவில்லை. தோல் என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தார்.

1893இல் பெரியம்மை பற்றி ஒரு கருத்தை வெளியிட்டார். நோயாளியைச் செந்நிறத் திரையிட்ட அறையில் வைத்து, ஊதாப் பக்கத்துக் கதிர்கள் படாமற் காத்தால் தழும்பு குறையும் என்பது அவர் எண்ணம். அக்காலத்தில் இது பேர்பெற்ற போதிலும் பின்னர் நிலைபெறவில்லை. தடுப்பூசியாலேயே அம்மை ஒழிந்தது. உலகம் அதனின்றும் விடுபட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. அறிஞர் எண்ணியவை எல்லாம் சரியாகிவிடுவதில்லை.

அவருக்குப் புகழ் தேடித்தந்தது வேறொரு நோய். தோலைத் தாக்கும் காசநோய் ஒன்று உண்டு. லூப்பஸ் வல்காரிஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். முகத்திலேயே மிகுதியும் தோன்றும். மூக்கு, கன்னம், உதடு எனச் சிறிது சிறிதாக அரித்து, ஆண்டுக்கணக்கில் ஆளைக் கொல்லாமலும் விடாமலும் வைத்திருக்கும். சுரண்டுவதும் சுடுவதும் அமிலம் இடுவதும் அன்றிருந்த வைத்தியங்கள். முகம் சிதைந்தோர்க்கு வேலை கிடைப்பதில்லை. பிறர் அருகில் அமர்வதில்லை. பலர் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வாழ்ந்து மடிந்தனர். அருகில் வராதே என்று பிறர் ஒதுக்கும்போது மனம் என்ன பாடுபடும் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஃபின்சன் முதலில் வெயிலைக் கொண்டே முயன்றார். உள்ளீடற்ற கண்ணாடி வில்லையில் மயில்துத்தத்தின் நீலக் கரைசலை நிரப்பினால் வெப்பக் கதிர்கள் அதில் தங்கிவிடும். நீலமும் ஊதாவும் கடந்து சென்று ஒரே இடத்திற் குவியும். ஆனால் டென்மார்க்கின் வெயிலை நம்பி மருத்துவம் செய்ய முடியுமா? ஆதலின் கார்பன் வில்விளக்கை நாடினார். கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தில் பொறியாளராக இருந்த நீல்ஸ் மோகன்சன் என்பவருக்கு முகத்தில் நெடுங்காலமாக இந்நோய் இருந்தது. எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. 1895ஆம் ஆண்டு நவம்பரில் அம்மின் நிலையத்திலேயே அவருக்குச் சிகிச்சை தொடங்கியது. நாள்தோறும் பொறுமையாக ஒளி பாய்ச்சினர். சில திங்களில் புண் ஆறியது.

மறு ஆண்டு, 1896இல், கோபன்ஹேகனில் ஒளி மருத்துவ நிலையம் நிறுவப்பட்டது. கொடையாளர்களும் பின்னர் அரசும் துணைநின்றனர். அங்கே நடந்த வேலையைச் சற்று விரித்துரைக்கலாம். நடுவில் பெரிய வில்விளக்கு; அதிலிருந்து நான்கு திசையிலும் சாய்ந்து இறங்கும் நான்கு குழாய்கள்; ஒவ்வொன்றின் கீழும் ஒரு நோயாளி; ஒவ்வொரு நோயாளிக்கும் அருகில் கறுப்புக் கண்ணாடி அணிந்த செவிலி. இரத்தம் ஒளியை விழுங்கிவிடும் என்பதை ஃபின்சன் அறிந்திருந்தார். எனவே குளிர்நீர் ஓடும் சிறு படிக வில்லை ஒன்றைப் புண்மீது அழுத்தி, இரத்தத்தை விலக்கி, அதன் வழியே ஒளியைச் செலுத்த வேண்டும். காசு அளவு இடத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். மறுநாள் அடுத்த இடம். ஒரு முகம் முழுவதும் ஆறத் திங்கள் பலவாகும். மணிக்கணக்கில் அவ்வில்லையைக் கையாற் பிடித்து அழுத்தியபடி அமர்ந்திருந்த செவிலியரின் பெயர்கள் நூல்களில் அரிதாகவே காணப்படுகின்றன. அவர்களின் கைப்பொறுமை இன்றேல் ஃபின்சனின் ஒளியும் பயன்பட்டிராது.

ஐந்தாறு ஆண்டுகளில் 800 பேருக்கு மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெற்றனர். பெரும்பாலோர் நலமோ தேர்ச்சியோ அடைந்தனர். டென்மார்க் நாட்டில் பிறந்து இங்கிலாந்தின் மருமகளாய்ச் சென்ற அலெக்சாண்டிரா அம்மையார் 1900இல் இலண்டன் மருத்துவமனைக்கு ஃபின்சன் விளக்கு ஒன்றை வழங்கினார். 1903ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஃபின்சனுக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் அப்பரிசைப் பெற்றவர், நம் நாட்டின் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

பரிசு பெறும் விழாவுக்குச் செல்லவும் ஃபின்சனுக்கு உடம்பு இடங்கொடுக்கவில்லை. பரிசுத் தொகையிற் பெரும்பகுதியை ஒளி மருத்துவ நிலையத்துக்கும், இதய, கல்லீரல் நோயாளிகளுக்காகத் தாம் தொடங்கியிருந்த மருத்துவமனைக்கும் கொடுத்துவிட்டார். எஞ்சிய நாள்களில் தம் நோயையே ஆராய்ந்தார். உட்கொண்ட உணவு, குடித்த நீர், வெளியேறிய நீர் அனைத்தையும் நாள்தோறும் நிறுத்துக் குறித்து, உப்பைக் குறைத்தால் உடம்பில் நீர் தேங்குவது குறைகிறதா என்று கணக்கிட்டார். உடம்பிலே உப்புத் தேங்குவது பற்றிய அவ்வாய்வே அவருடைய கடைசி வெளியீடு, ஆண்டு 1904. அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கோபன்ஹேகனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 43.

அவர் மறைந்து நூறாண்டு கழிந்தபின் டென்மார்க்கின் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய பழைய விளக்குகளையும் வில்லைகளையும் எடுத்துச் சோதித்து, 2005இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அக்கருவியின் கண்ணாடியும் நீலக் கரைசலும், கிருமிகளை நேரே அழிக்கவல்ல குற்றலைப் புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிட்டிருந்தன. நோயைத் தீர்த்தது பெரும்பாலும் ஊதாவை ஒட்டிய நெட்டலைக் கதிர்களே. காசநோய்க் கிருமிக்குள் இருக்கும் சில பொருள்கள் அக்கதிரை ஏற்று, கிருமிக்கே நஞ்சாக மாறும் உயிர்வளியைத் தோற்றுவித்தன என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே ஃபின்சன் கண்ட பயன் மெய்; காரணம் வேறு.

நீருக்கு வருவோம். பாதரச ஆவி விளக்கும், புற ஊதாக் கதிரைத் தடுக்காத குவார்ட்ஸ் குழலும் வந்தபின், 1910இல் ஃபிரான்சின் மார்செய் நகரில் குடிநீரை இக்கதிரால் தூய்மை செய்ய முயன்றனர். குளோரின் மலிவாகக் கிடைக்கவே அம்முயற்சி நெடுங்காலம் பின்தங்கியது. 1930இல் ஃபிரடெரிக் கேட்ஸ் என்னும் அமெரிக்கர், எந்த அலைநீளக் கதிர் கிருமிகளை மிகுதியும் கொல்கிறது என்று அளந்தார். 265 நானோமீட்டரை ஒட்டிய கதிர்களே வலியவை என்றும், உயிரணுவின் மரபுப் பொருள் விழுங்கும் கதிர்களும் அவையே என்றும் தெரிந்தது. பாதரச விளக்கு தருவது 254 நானோமீட்டர். ஏறத்தாழ அவ்விலக்கிலேயே படுகிறது. இக்கதிர் பட்டதும் மரபிழையில் அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின் கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவ்விழையைப் படி எடுக்க இயலாமற்போகிறது. கிருமி பெருகுவதில்லை, பெருகாத கிருமி நோய் தருவதில்லை. விடுதி விளக்கின் நீல மினுக்கம் இவ்வேலையைச் செய்யவில்லை. வேலை செய்வது அதனுடன் வரும் காணாக் கதிரே. அதை நேரே உற்றுப் பார்த்தல் கண்ணுக்குக் கேடு என்று பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லி வருகிறோம்.

1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் சென்னையில் புதுவகைக் காலராக் கிருமி ஒன்று முதன்முதலாக இனங்காணப்பட்டது. அது வங்கத்துக்கும் வங்காளதேசத்துக்கும் பரவிப் பல்லாயிரவரைத் தாக்கியது. அதைக் கண்டு மனம் நொந்த மும்பையைச் சேர்ந்த அறிஞர் அசோக் காட்கில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எளிய கருவி ஒன்றை வடிவமைத்தார். ஒரு தட்டில் மெல்லிய படலமாக நீர் ஓடும்; மேலே நீரிற் படாமல் விளக்குத் தொங்கும். 60 வாட்டு மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 லிட்டர் நீர் குடிக்கத் தக்கதாகும். சிற்றூர்களை எண்ணிச் செய்யப்பட்டது அக்கருவி.

இனி அச்சிறுமியின் முதற் கேள்வி. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு நீரை மண்ணிலிருந்து ஏற்றிச் செல்வது பெருஞ்செலவு. எனவே 2008 நவம்பரில் நீர் மீட்புக் கருவித்தொகுதி ஒன்று அங்கே கொண்டுசெல்லப்பட்டது. 2009 மே மாதத்தில் அங்கிருந்தோர் அதன் நீரைக் குடிக்கத் தொடங்கினர். சிறுநீரைக் காய்ச்சி வடித்தல், மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் ஈரத்தைக் குளிர்வித்துச் சேர்த்தல், வடிகட்டல், உயர் வெப்பத்தில் எஞ்சிய மாசுகளைச் சிதைத்தல் ஆகியவை அதன் படிகள். 2023இல் நீரில் 98 விழுக்காட்டை மீட்கும் நிலை எட்டப்பட்டது. தம் உடம்பில் நுழையும் நீரையும் வெளியேறும் நீரையும் படுக்கையிலிருந்தே நிறுத்துக் கணக்கெழுதிய ஃபின்சன் இருந்திருந்தால் இக்கணக்கை விரும்பிப் படித்திருப்பார்.

அங்கே கிருமி பெருகாமற் காப்பது விளக்கு அன்று. அமெரிக்கப் பகுதியில் அயோடினும் உருசியப் பகுதியில் வெள்ளியுமே. அயோடினைத் தொடர்ந்து குடித்தால் கழுத்துச் சுரப்பிக்கு ஊறு நேரும். ஆகவே குடிக்குமுன் அதை நீக்கவும் வேண்டும். செவ்வாய்க்கு இரண்டு மூன்று ஆண்டுப் பயணம் செல்வோர்க்கு இடையில் மருந்தும் வடிகட்டியும் அனுப்ப யாராலும் இயலாது. குழாய்களின் உட்புறம் நுண்ணுயிர்ப் படலம் வழவழவெனப் படிந்து அடைத்துக்கொள்ளும் தொல்லையும் உண்டு. இதனாலேயே நெடும்பயணக் கலங்களுக்குப் புற ஊதாக் கதிரை ஆராய்ந்து வருகின்றனர். மூடிய அறைக்குள் பாதரச விளக்கு உடைந்தால் ஆபத்து. ஆதலின் பாதரசம் இல்லாத சிறு ஒளிமுனையங்களை நாடுகின்றனர். ஆயினும் கதிருக்கு ஒரு குறை. விளக்கைக் கடந்த நீரில் அதன் காவல் தங்குவதில்லை. குழாயின் மறுமுனையில் அழுக்கிருந்தால் கிருமி மீண்டும் புகும். எனவே மருந்தை முற்றிலும் கைவிட்டுவிட முடியாது.

அந்நிலையத்தில் அமெரிக்கர், உருசியர், ஜப்பானியர் எனப் பலரும் சேர்ந்து தங்குகின்றனர். 2025இல் நம் நாட்டின் சுபான்ஷு சுக்லாவும் தங்கி மீண்டார். மீட்கப்படும் நீரில் யாருடைய வியர்வை எத்துளி என்று பிரித்துச் சொல்ல எவராலும் ஆகாது. குடிக்கத் தக்கதா என்பதை நீரைச் சோதித்து அறிகின்றனர். தொட்டவரைச் சோதித்து அறிவதில்லை.

மண்ணில் நடந்தது வேறு. இரட்டைமலை சீனிவாசனார் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையும் கிணறும் குளமும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரியன என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகத் நகரில் பாபாசாகேப் தலைமையில் நம் மக்கள் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகினர். அதன்பின் மேற்சாதியார் அக்குளம் தீட்டுப்பட்டதாகக் கூறி, சாணம், கோமியம், பால், தயிர் நிறைத்த 108 குடங்களை அதிற் கவிழ்த்து மந்திரம் ஓதித் தூய்மை செய்தனர். ஃபின்சன் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. மார்செய் நகரில் நீருக்குள் விளக்கு எரிந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. நுண்ணோக்கியின் கீழ் வைத்திருந்தால், குளத்து நீர் 108 குடங்களுக்கு முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆயிற்று என்பதைப் பள்ளி மாணவனும் சொல்லியிருப்பான். இவை பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதைக் குடித்த குழந்தைகள் நோயுற்றனர். தொட்டியில் இருந்தது கிருமி. கலந்த கையில் இருந்தது என்ன என்று காட்டும் விளக்கை யாரும் இன்னும் செய்யவில்லை.

அச்சிறுமியின் இரண்டாவது கேள்விக்கு இவ்வளவையும் சொன்னபின், அவளையும் அவள் தோழியரையும் கொண்டு ஒரு சோதனை செய்தோம். அரசுத் துறையினர் சிற்றூர்களில் பயன்படுத்தும் சிறு குப்பிகளில், விளக்கைக் கடக்குமுன் எடுத்த நீரும் கடந்தபின் எடுத்த நீரும் ஊற்றி, இரண்டு நாள் வைத்துப் பார்த்தனர். மலக் கிருமி இருந்தால் குப்பி கறுத்துவிடும். முதற் குப்பி கறுத்தது. இரண்டாவது கறுக்கவில்லை. மறு மாதம் மீண்டும் செய்தபோது இரண்டாவதும் சற்றே கறுக்க, பிள்ளைகள் திகைத்துப் போயினர்.

காரணத்தை அவர்களே கண்டறிந்தனர். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி. விளக்கைச் சூழ்ந்துள்ள குவார்ட்ஸ் உறையின்மீது அவ்வுப்பு வெண்படலமாகப் படிந்துவிடுகிறது. விளக்கு எரியும், நீல மினுக்கமும் தெரியும், கதிர் மட்டும் நீரை எட்டாது. கலங்கல் நீரிலும் இதே கதைதான். மண்துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று மின்சாரத்தை நிறுத்தி, உறையைக் கழற்றி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துடைத்து மாட்டுகின்றனர். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும் அவ்வேலை முறைவைத்து வருகிறது. அடுத்த முறை யாருடையது என்பது சமையற்கூடத்துக் கதவில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.